இளம் விண்மீன்களின் மூச்சு

தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே புதுக்கோட்டை என்றோர் ஊர் உண்டு. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை அன்று இது. அந்தப் பெரும் பெயரின் நிழலிலே ஒதுங்கி நிற்கும் சிற்றூர். நான் அங்கே சிறுவனாக இருந்த காலத்தில், எனக்குக் காய்ச்சல் கண்டால் என் ஆச்சி வைத்தியரைத் தேடுவதற்கு முன்னால் உப்புப் பானையைத் தேடுவாள். ஒரு பிடி கல்லுப்பையும் மிளகாய் வற்றலையும் என் தலையைச் சுற்றி அடுப்பிலே போடுவாள். உப்பு படபடவென்று வெடிக்கும். தணலின்மேல் மஞ்சள் நிறமாக ஒரு சுடர் குப்பென்று எழுந்து அடங்கும். 'பட்ட கண்ணேறெல்லாம் எரிந்து போயிற்று' என்று ஆச்சி மனநிறைவோடு சொல்லுவாள்.

அந்த மஞ்சட் சுடர் கண்ணேறு அன்று, சோடியம் என்னும் தனிமத்தின் கையெழுத்து என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் கல்லூரியில் அறிந்தேன். நம் கடற்கரை உப்பளங்களிலே விளையும் உப்பு, சோடியமும் குளோரினும் சேர்ந்த சேர்க்கை. அது சூடேறும்போது சோடிய அணுக்கள் ஒரு குறிப்பிட்ட மஞ்சள் ஒளியை மட்டும் மிகுதியாக உமிழ்கின்றன. தூத்துக்குடி உப்பாயினும் குஜராத்து உப்பாயினும், அடுப்பிலே எரிந்தாலும் ஆகாயத்திலே எரிந்தாலும், சோடியத்தின் மஞ்சள் அதே மஞ்சள்தான். அணுக்கள் இடத்துக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்வதில்லை. இந்த ஓர் உண்மையே நான் இன்று சொல்லப்போகும் செய்திக்கெல்லாம் அடித்தளம். யாராலும் எட்டிப் பிடிக்க முடியாத தொலைவில், எவர் கண்ணுக்கும் படாத தூசிப் படலத்துக்குள்ளே பிறந்துகொண்டிருக்கும் இளம் விண்மீன்கள் எவ்வாறு வாயுவை வெளியே வீசுகின்றன என்பதை மனிதன் எப்படி அறிந்தான் என்பதே அச்செய்தி.

முதலில் ஒளியைப் படிக்கும் கலையைப் பார்ப்போம். கதிரவன் ஒளியை ஒரு முப்பட்டகக் கண்ணாடியின் வழியே செலுத்தினால் ஊதா முதல் சிவப்பு வரை நிறங்கள் விரிகின்றன. இதை நிறமாலை என்கிறோம். நுண்ணிய கருவியால் நோக்கினால் அந்த நிறமாலையிலே ஆயிரக்கணக்கான கோடுகள் தென்படும். ஒவ்வொரு கோடும் ஏதோ ஒரு தனிமத்துக்கு உரியது. 1868-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் வானியல் அறிஞர்கள் கூடினார்கள். மறைந்த கதிரவனின் விளிம்பிலே எழுந்த தீக்கொழுந்துகளின் நிறமாலையில், சோடியத்தின் மஞ்சள் கோட்டுக்கு மிக அருகே ஒரு மஞ்சள் கோடு மின்னியது. அது சோடியக் கோடு அன்று, அதற்குச் சற்றே விலகி நிற்பது என்பதை அதே ஆண்டில் இங்கிலாந்தில் லாக்கியர் உறுதிசெய்தார். அந்தச் சிறு விலகலிலிருந்தே ஹீலியம் என்னும் புதிய தனிமம் புலப்பட்டது. பூமியிலே அதை ராம்சே பிரித்தெடுத்தது 1895-ஆம் ஆண்டில்தான். மண்ணில் காணாத பொருளை விண்ணில் முதலில் கண்டார்கள்! கோடு நிற்கும் இடத்தைத் துல்லியமாக அளப்பதன் பயன் இதுவே.

கோட்டின் இடம் இன்னொன்றையும் சொல்லும். எங்கள் ஊர் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றால், துறைமுகத்துக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகள் ஓயாமல் ஒலி எழுப்பிப் பறக்கும். நம்மை நோக்கி வரும்போது அவ்வொலி சற்று உச்சமாகக் கேட்கும். கடந்து சென்றதும் சட்டென்று தணிந்துவிடும். லாரியில் இருப்பவருக்கு அது ஒரே சுரந்தான். வருகிறபோது ஒலியலைகள் நெருங்குகின்றன, போகிறபோது விரிகின்றன. 1842-ஆம் ஆண்டில் டாப்ளர் என்பவர் இவ்விதியை வகுத்தார். ஒளிக்கும் இது பொருந்தும். ஒளிவிடும் வாயு நம்மை நோக்கி வந்தால் அதன் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகிச் சென்றால் சிவப்புப் பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்பதை அளந்தால் வேகம் கிடைத்துவிடும்.

வாயு வெளியே பாய்வதை இவ்வழியில் கண்டறிந்த புகழ் பெற்ற நிகழ்ச்சி ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. கொடைக்கானல் மலைமேல் உள்ள சூரிய ஆய்வகத்தில் 1909-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஒரு சூரியக் களங்கத்தின் நிறமாலையைப் படமெடுத்தார். களங்கத்தின் இரு ஓரங்களிலும் கோடுகள் நேராக நிற்காமல் சாய்ந்திருந்தன. ஒரு புறத்தில் நீலம் நோக்கியும் மறு புறத்தில் சிவப்பு நோக்கியும் அவை நகர்ந்திருந்தன. களங்கத்தின் நடுவிலிருந்து வெளிப்புறமாக வாயு பரவிப் பாய்கிறது என்று அவர் முடிவு செய்தார். வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர். ஒளியின் வேகமோ நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஆகவே கோடு நகர்ந்தது தன் அலைநீளத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே. அத்தனை நுண்ணிய நகர்வைக் கொடைக்கானல் மலையிலிருந்து அளந்தார் என்பதை நம் மாணவர்கள் மறத்தல் ஆகாது. இன்றும் உலக நூல்களில் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது.

கதிரவன் நமக்கு அருகே, மறைப்பின்றி இருக்கிறான். பிறக்கும் விண்மீன்களோ அப்படியல்ல. விண்வெளியிலே வாயுவும் தூசியும் கலந்த குளிர்ந்த மேகங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றின் ஒரு பகுதி தன் ஈர்ப்பினாலேயே சுருங்கிச் செறியும்போது அதன் நடுவே விண்மீன் கருக்கொள்கிறது. கருப்பையில் குழந்தை மறைந்திருப்பதுபோல் அது தூசிக்குள்ளே மறைந்திருக்கிறது. நம் கண் காணும் ஒளியில் பார்த்தால் அவ்விடம் வெறும் இருட்டாகத் தோன்றும்.

இங்கேதான் கண்ணுக்குப் புலனாகாத ஒளி துணைக்கு வருகிறது. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் நிறமாலையின் ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துச் சூட்டை அளந்துகொண்டு வந்தார். சிவப்புக்கு அப்பால், எந்த நிறமும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறியது! அங்கே விழுந்த புலப்படாத கதிரையே அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். கருப்பட்டி காய்ச்சும் அடுப்பில் தீயை அணைத்த பின்னும், தாழியின் அருகே முகத்தைக் கொண்டு சென்றால் கன்னம் சுடுகிறதன்றோ? கண் காணவில்லை, கன்னம் அறிகிறது. அந்தச் சூட்டில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராகவே வருகிறது. ஒளியும், அகச்சிவப்பும், என் குரலை உங்கள் இல்லத்துக்குக் கொண்டுவரும் வானொலி அலையும் ஒரே இனம். அலையின் நீளந்தான் வேறு.

நீளம் வேறாவதனால் என்ன பயன்? தூத்துக்குடிக் கடற்கரையில் விடியற்காலை நின்று பாருங்கள். கடலிலிருந்து எழும் கதிரவன் செக்கச் சிவந்திருக்கிறான். அடிவானத்திலே அவன் ஒளி மிகுந்த காற்றையும் தூசியையும் ஊடுருவி வரவேண்டியிருக்கிறது. குறுகிய நீல அலைகள் வழியிலேயே சிதறிப் போகின்றன; நீண்ட சிவப்பலைகள் தப்பி வருகின்றன. சிவப்பினும் நீண்ட அலைகள் இன்னும் எளிதாகத் தப்பும். விண்வெளித் தூசித் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைந்த அளவுடையவை. கண் காணும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.4 முதல் 0.7 மைக்ரான். ஆதலால் அவ்வொளி தூசியிலே சிக்கிக்கொள்கிறது. 2 மைக்ரானுக்கு மேற்பட்ட அகச்சிவப்பு அலை அத்துணைச் சிக்குவதில்லை. கண் காணும் ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை மட்டும் கடக்கவிடும் ஒரு தூசித் திரை, 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கடக்கவிடுகிறது. இருட்டறையின் சுவரே சாளரமாகிவிட்டது போன்ற வேறுபாடு இது.

ஆனால் அந்தச் சாளரத்தின் வழியே பார்ப்பது எளிதன்று. சூடுடைய பொருள்கள் எல்லாம் அகச்சிவப்பை உமிழ்கின்றன. தொலைநோக்கியும் உமிழ்கிறது, வானமும் உமிழ்கிறது, கருவியின் உட்புறமும் உமிழ்கிறது. பட்டப்பகலில் விளக்கேற்றி விண்மீன் தேடுவது போன்ற நிலை. ஆகவே கருவியைத் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கிறார்கள். விண்மீனைப் பார்த்த உடனே சற்று விலகிய வெற்று வானத்தையும் பார்த்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்கிறார்கள். மேலும், காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பின் பல பகுதிகளை விழுங்கிவிடும். நம் கடற்கரையின் ஈரக் காற்று இவ்வேலைக்கு உதவாது. உயர்ந்த, வறண்ட இடம் வேண்டும். லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில், கடல் மட்டத்துக்கு 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் ஆடியுடைய இமாலயச் சந்திரா தொலைநோக்கி நிற்பது இதனாலேயே. பெங்களூருக்கு அருகே ஹோசகோட்டையில் அமர்ந்தபடி, செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகிறார்கள். பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாங்கள் அமைத்த அகச்சிவப்பு நிறமாலைக் கருவியை 2013-ஆம் ஆண்டில் அதில் பொருத்தினார்கள்.

அக்கருவி போன்றவற்றால் என்ன தேடுகிறார்கள்? 2.122 மைக்ரானில் ஹைட்ரஜன் மூலக்கூறு உமிழும் கோடு ஒன்று, 1.644 மைக்ரானில் மின்னேற்றம் பெற்ற இரும்பு உமிழும் கோடு ஒன்று. விரைந்து பாயும் வாயு, நின்றிருக்கும் வாயுவின்மேல் மோதிச் சூடேறும் இடங்களில் இவை பளிச்சிடும். மூலக்கூறின் கோடு ஏறத்தாழ 2,000 பாகைச் சூட்டையும், இரும்பின் கோடு அதனினும் வன்மையான மோதலையும் காட்டும். நொடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வாயு நம்மை நோக்கி வந்தால், முதற் கோடு தன் இடத்திலிருந்து 0.0007 மைக்ரான் நகர்ந்து நிற்கும். எந்தப் பொருள், எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்னும் மூன்று வினாக்களுக்கும் கோடுகளே விடை பகர்கின்றன.

இவ்வாறு நோக்கியபோது வியப்பான ஓர் உண்மை வெளிப்பட்டது. விண்மீன் பிறப்பது வாயு உள்ளே வந்து சேர்வதால் அன்றோ? ஆனால் பிறக்கும் விண்மீன்களைச் சுற்றிப் பார்த்த இடமெல்லாம் வாயு வெளியேயும் பீறிட்டுப் பாய்ந்துகொண்டிருக்கிறது! பெரும்பாலும் அது எதிரெதிரான இரு திசைகளில் செல்கிறது. சேர்க்க வேண்டிய காலத்தில் செலவழிப்பது ஏன்?

சிறுவர் சிறுமியர் தட்டாமாலை சுற்றுவதைக் கண்டிருப்பீர்கள். கைகளை விரித்துச் சுழலும் பிள்ளை கைகளை மார்போடு மடக்கினால் வேகம் கூடிவிடும். சுருங்கும் மேகத்துக்கும் இதே கதிதான். தொடக்கத்தில் மிக மெல்லச் சுழன்ற மேகம் சுருங்கச் சுருங்க விரைவாகச் சுழன்று, நடுவிலுள்ள கருவைச் சுற்றித் தட்டாகப் பரவுகிறது. அத்தட்டிலுள்ள வாயு தன் சுழற்சியை இழந்தாலன்றி உள்ளே விழ முடியாது, சுற்றிக்கொண்டே இருக்கும். அச்சுழற்சியை எடுத்துச் செல்ல யாரேனும் வேண்டும். தட்டிலும் விண்மீனிலும் ஊடுருவியுள்ள காந்தப் புலம் வாயுவின் ஒரு பகுதியைப் பிடித்து, கவண்கல் எறிவதுபோல் அச்சின் வழியே வெளியே வீசிவிடுகிறது. வீசப்பட்ட வாயு சுழற்சியையும் தன்னோடு கொண்டு செல்கிறது. எஞ்சிய வாயு விண்மீனில் சேர்கிறது. உள்ளே வருவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இவ்வாறு வெளியேறுவதாகக் கணிக்கிறார்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முயன்றால் எதுவுமே சேராது. ஒரு பங்கை விடுவதாலேயே மற்றதைப் பெற முடிகிறது. நம் கதிரவனும் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்வாறே மூச்சு விட்டிருக்க வேண்டும்; அவனைச் சுற்றிய தட்டில் எஞ்சியதிலிருந்தே நாம் வாழும் பூமி உருவாயிற்று.

அப்படியானால், உள்ளே விழுவது கூடினால் வெளியேறுவதும் உடனே கூடவேண்டும். குறைந்தால் குறைய வேண்டும். இது மெய்தானா என்று எப்படிச் சோதிப்பது? விண்மீன் வளரப் பல இலட்சம் ஆண்டுகள் ஆகும். மனிதன் அத்தனை காலம் காத்திருப்பானா? நல்வாய்ப்பாகச் சில இளம் விண்மீன்கள் ஒரே சீராக வளர்வதில்லை. நெடுநாள் மந்தமாயிருந்து, திடீரென்று மிகுதியான வாயுவை விழுங்கி ஒளி மிகுந்து பொங்குகின்றன. மிருகசீரிடம் தோன்றும் ஓரியன் மண்டலத்துக்குக் கிழக்கே, ஒற்றைக்கொம்பன் எனப்படும் மண்டலத்தில் அத்தகைய விண்மீன் ஒன்று பொங்கியது 2009-ஆம் ஆண்டில் தெரியவந்தது. வி 899 மான் என்பது அதன் பெயர்.

டாட்டா நிலையத்து ஆராய்ச்சியாளர்களான நினன், ஓஜா முதலியோர் 2009 நவம்பர் முதல் 2015 ஏப்ரல் வரை அதைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். ஹான்லே முதலிய இடங்களிலிருந்து, புலப்படும் ஒளியிலும் அகச்சிவப்பிலும் அதன் நிறமாலையைப் பதிவு செய்தார்கள். பொங்கிய விண்மீன் 2011-இல் திடீரென்று ஒடுங்கிற்று. ஓர் ஆண்டுக்கும் குறைவாகவே ஒடுங்கியிருந்து, மீண்டும் பொங்கிற்று. இரவுதோறும் பொறுமையோடு பார்த்து வந்தவர்களுக்கே இந்த இடைவேளை அகப்பட்டது. இரண்டாண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவர்களுக்கு, அது ஒருபோதும் ஓயாமல் எரிந்ததாகவே தோன்றியிருக்கும். விண்மீனுக்கும் தட்டுக்கும் இடையே காந்தப் புலத்தின் வழியாக வாயு விழும் முறையில் ஏற்பட்ட நிலைகுலைவே ஓய்வுக்குக் காரணமாகலாம் என அவர்கள் கருதினார்கள்.

அடுத்து, தென்னாப்பிரிக்காவின் பெருந்தொலைநோக்கியால், இரண்டாவது பொங்கலின்போது, அதன் கோடுகளை மேலும் நுணுக்கமாகப் பிரித்து நோக்கினார்கள். விண்மீனுக்கும் நமக்கும் இடையே நம்மை நோக்கி வரும் வாயு, விண்மீனின் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி, கோட்டின் நீலப் பக்கத்தில் ஒரு பள்ளத்தை உண்டாக்கும். அப்பள்ளம் எத்தனை தொலைவில் விழுந்துள்ளதோ அதுவே காற்றின் வேகம். அந்த வேகம் நொடிக்கு 722 கிலோமீட்டரிலிருந்து 425 கிலோமீட்டர் வரை மாறியது! 722 கிலோமீட்டர் என்றால், ஒரே நொடியில் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டுச் சென்னையையும் கடந்துவிடும் வேகம். வெளியேற்றம் ஒரே சீரான ஓட்டமாக இன்றிக் கட்டிகட்டியாக, விட்டுவிட்டு வந்தது; சில நாட்களுக்கு மாறாமல் இருந்து, சில வாரங்களிலும் மாதங்களிலும் மாறியது. முக்கியமான செய்தி இதன்பின் வருகிறது. அவ்வப்போது வெளியேறும் காற்றின் வலிமை, அவ்வப்போது உள்ளே விழும் வாயுவின் அளவோடு அடிக்கு அடி ஒத்து நடக்கவில்லை. வரவுக்கும் செலவுக்கும் உறவு உண்டு. ஆனால் அன்றன்றைய கணக்கு அன்றன்றே நேராவதில்லை. காந்தப் புலத்தால் துருவப் பகுதியிலிருந்து உந்தப்படும் காற்றே இதற்குப் பொருத்தமான விளக்கம் என்று 2016-இல் அவர்கள் வெளியிட்டார்கள். எளிய எதிர்பார்ப்பு ஒன்று, கோடுகளின் சாட்சியத்தால் திருத்தம் பெற்றது.

இன்னொரு செய்தியையும் நினைவிற் கொள்க. அவ்விண்மீன் நமக்கு ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு முதல் மூவாயிரம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஆகவே 2011-இல் நாம் கண்ட அந்த ஓய்வு, கொற்கைத் துறையின் முத்து உலகப் புகழ் பெறுவதற்கு முன்னரே நிகழ்ந்து முடிந்துவிட்டது. செய்தி மட்டும் இப்போது வந்து சேர்ந்தது.

காற்று மண்டலத்தின் தொல்லையே வேண்டாம் என்று 2021 டிசம்பர் 25-ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்டது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. 6.5 மீட்டர் ஆடியுடைய அது அகச்சிவப்பையே முதன்மையாகக் காண்கிறது. ஏறக்குறைய ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவில், மிக இளைய விண்மீன் ஒன்றிலிருந்து பாயும் எச்.எச். 211 என்னும் ஓட்டத்தை அது ஆராய்ந்த முடிவு 2023-இல் வெளிவந்தது. உள்ளோட்டத்தின் வேகம் நொடிக்கு 80 முதல் 100 கிலோமீட்டர். ஆயினும் முன்செல்லும் வாயுவோடு அது மோதும்போது இரண்டுக்கும் உள்ள வேக வேறுபாடு சிறிதே. ஆதலால் மூலக்கூறுகள் சிதையாமல் பிழைத்திருக்கின்றன. மிக இளம் பருவத்தில் விண்மீன் விடும் மூச்சு பெரும்பாலும் மூலக்கூறுகளால் ஆனது என்பது இதனால் தெளிந்தது.

முன்னாளில் எங்கள் கடலில் முத்துக் குளிப்பவன் கயிற்றோடு கல்லைப் பற்றி ஆழத்தில் இறங்குவான். படகிலிருப்பவன் கண்ணுக்கு அவன் தெரியமாட்டான். கையிலுள்ள கயிறு அசைவதைக் கொண்டே கீழே நடப்பதை அறிவான். அந்த அசைவைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஓர் உயிர் போகும். ஆதலால் அவன் ஊகத்துக்கு இடந்தராமல் கயிற்றிலேயே கருத்தாயிருப்பான். விண்மீன் ஆராய்ச்சியாளனுக்கு நிறமாலைக் கோடே அந்தக் கயிறு. அது அசைந்தது என்றால் அசைந்தது. நம் விருப்பத்துக்காக அது அசையாது.

மாணவர்களே, இக்கலையின் முதற் பாடத்துக்கு லடாக்கு வரை போகவேண்டியதில்லை. வீட்டிலே பெரியவர்கள் உடனிருக்க, வாயு அடுப்பின் நீலச் சுடரிலே ஒரு சிட்டிகை உப்புத் தூளைத் தூவிப் பாருங்கள். எழும் மஞ்சட் சுடரின் ஒளியைப் பழைய குறுந்தகடு ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் படவைத்து, தகட்டைச் சாய்த்துச் சாய்த்து நோக்குங்கள். மின்விளக்கின் ஒளி வானவில்லாக விரிந்த அதே தகட்டிலே, உப்பின் ஒளி பெரும்பாலும் ஒரே மஞ்சளாக நிற்பதைக் காண்பீர்கள். கதிரவனை மட்டும் இவ்வாறு பார்த்துவிடாதீர்கள், கண்ணுக்குக் கேடு. அந்த மஞ்சளை ஒருமுறை கண்டவர்க்கு, மூவாயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வரும் கோடும் அந்நியமாகத் தோன்றாது. என் ஆச்சி அடுப்பிலே போட்ட உப்பும் அதே எழுத்தில்தான் எழுதியது. எனக்குத்தான் அன்று படிக்கத் தெரியவில்லை.